43 நாவல்களும் ஒரு பூனையும்

கேள்வி: யுலிசிஸ், மோபி டிக், கரமசோவ் சகோதரர்கள் என்று 43 நாவல்களை ஆங்கிலத்தில் பிடிஎஃப்-ஆக இறக்கி வைத்திருக்கிறேன். எதிலும் 30 பக்கம் தாண்டவில்லை. யுலிசிஸில் மட்டும் மூன்றாம் அத்தியாயம் வரை போனேன். நல்ல டிஜிட்டல் பதிப்புகள் எங்கே கிடைக்கும்? இல்லை, இவற்றைத் திரையில் படிப்பதே வீண் வேலையா?

பதில்: 43-இல் 42-ஐ அழித்துவிடுங்கள். கிண்டல் செய்யவில்லை. ஒன்று கசந்தால் அடுத்ததைத் திறக்கலாம் என்ற வசதி இருக்கிறதே, அதுதான் உங்களை 30-ஆம் பக்கத்திலேயே நிறுத்தி வைக்கிறது.

அப்புறம், இவ்வளவு எழுதிய நீங்கள் அந்தக் கரமசோவ் யாருடைய மொழிபெயர்ப்பு என்று எழுதவில்லை. பார்த்திருக்கவே மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். தஸ்தயேவ்ஸ்கி 1881-இல் போய்ச் சேர்ந்துவிட்டார், அவர் எழுத்துக்கு இனி காப்புரிமை கிடையாது, ஆனால் மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு என்பதால் சட்டப்படி இலவசமாகக் கிடைப்பது பெரும்பாலும் கான்ஸ்டன்ஸ் கார்னெட் 1912-இல் வெளியிட்டதுதான். மோசமில்லை. ஆனால் அவர் கையில் டால்ஸ்டாயும் தஸ்தயேவ்ஸ்கியும் ஒரே குரலில் பேசுகிறார்கள் என்று ரஷ்யக் கவிஞர் பிராட்ஸ்கி போன்றவர்கள் குறைபட்டதுண்டு. உங்களுக்குக் கசந்தது நாவலா, நூறு ஆண்டு பழைய ஆங்கிலமா? புதிய மொழிபெயர்ப்பின் முதல் அத்தியாயம் விற்பனைத் தளங்களில் மாதிரியாகக் கிடைக்கும். ஒரே பத்தியை இரண்டிலும் படித்துப் பாருங்கள், பத்து நிமிட வேலை.

எங்கே என்றால், 1971-இல் மைக்கேல் ஹார்ட் தொடங்கிய, காப்புரிமை முடிந்த நூல்களை இலவசமாகத் தரும் புராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் ஆரம்பியுங்கள். அதே நூல்களில் பலவற்றை எடுத்து, இன்னொரு முறை மெய்ப்புப் பார்த்து, கண்ணுக்கு இதமாக வடிவமைத்துத் தருகிறது ஸ்டாண்டர்டு ஈபுக்ஸ். பழைய அச்சுப் பக்கத்தையே பார்க்க வேண்டுமென்றால் இன்டர்நெட் ஆர்கைவ். கைபேசியில் பிடிஎஃப் வேண்டாம், எழுத்து திரைக்கேற்ப மடங்கும் ஈபப் எடுங்கள். ஸ்கேன் செய்ததை இயந்திரம் படித்துத் தந்து, ஒருவரும் திருத்தாமல் சுற்றுக்கு விட்ட பிரதிகளை மட்டும் தொடாதீர்கள். ஆங்கிலத்தில் ஆர், என் இரண்டும் ஒட்டிக்கொண்டால் எம் மாதிரி இருக்கும், அதனால் 'மாடர்ன்' என்ற சொல் 'மோடம்' ஆகிவிடும். 19-ஆம் நூற்றாண்டு நாவலில் மோடம்! டிரிஸ்ட்ரம் ஷாண்டி என்ற நாவலில் ஒருவர் இறந்ததும் அதன் ஆசிரியர் ஸ்டெர்ன் ஒரு பக்கத்தை முழுக்கக் கறுப்பாக அச்சடித்திருப்பார், வெறும் எழுத்தாக மாற்றிய கோப்பில் அந்தக் கறுப்பு வர வழியே இல்லை. மோபி டிக்கின் கதை இன்னும் வேடிக்கை. 1851-இல் லண்டனில் வந்த முதல் பதிப்பில் முடிவுரை விடுபட்டுப்போனது. கப்பலோடு எல்லோரும் மூழ்கிவிட்டார்களே, அப்படியானால் கதை சொல்வது யார் என்று விமர்சகர்கள் மெல்வில்லைப் பிடித்துக்கொண்டார்கள். உங்கள் கோப்பின் கடைசிப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

திரையில் படிப்பது வீண் வேலை இல்லை. சொல்லப்போனால் ரஷ்ய நாவலுக்குத் திரைதான் வசதி. கரமசோவில் திமித்ரியே மீத்யா, அலெக்ஸெய்யே அல்யோஷா. 200 பக்கம் கழித்து யார் இந்த ஆள் என்று குழம்பினால் பெயரைத் தேடி முதலில் வந்த இடத்துக்குப் போய்விடலாம். திமித்ரி என்று தேடினால் மீத்யா வரமாட்டான் என்பதால், ஒவ்வொரு செல்லப்பெயரும் முதலில் வரும் இடத்தில் ஒரு குறிப்பு போட்டு வையுங்கள். படித்து முடிக்க 'இன்னும் 31 மணி நேரம்' என்று செயலி காட்டும் அந்தக் கணக்கை அணைத்துவிடுங்கள், அதைப் பார்த்துக்கொண்டு யாராலும் படிக்க முடியாது.

சரி, யுலிசிஸ். மூன்றாம் அத்தியாயத்தில் நின்றதற்கு வெட்கப்பட வேண்டாம், கடற்கரையில் ஒருவன் நடந்தபடி யோசிக்கும் அந்த இடத்தில்தான் பாதிப்பேர் புத்தகத்தை மூடுகிறார்கள். அதை அப்படியே விட்டுவிட்டு நான்காம் அத்தியாயத்துக்குப் போங்கள். கதை மறுபடி அதே காலை எட்டு மணிக்குத் திரும்பி வேறொரு வீட்டில் தொடங்குகிறது, நீங்கள் எதையும் தவறவிட்டிருக்க மாட்டீர்கள். நாவலின் நாயகர் புளூம் மனைவிக்குக் காலைச் சாப்பாடு தயார் செய்துகொண்டிருப்பார், காலடியில் பூனை. அது 'மியாவ்' என்று கத்தாது. வாயில் நுழையாத எழுத்துக்கூட்டல் ஒன்றை ஜாய்ஸ் அதற்குக் கொடுத்திருக்கிறார், ஒவ்வொரு தடவையும் ஓரெழுத்து கூடும், மாறும். உங்கள் பிரதியில் பூனை எப்படிக் கத்துகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். அகராதிப்படி ஒழுங்காகக் கத்தினால், அந்தக் கோப்பையும் சேர்த்து அழித்துவிடலாம்.