ஸ்க்ரூ நாடாக்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய திரைப்பாடல்களின் வேகத்தைக் குறைத்து, எதிரொலி சேர்த்து, 'ஸ்லோட் ரிவெர்ப்' என்று யூடியூபில் பலர் ஏற்றுகிறார்கள். இவ்வழக்கம் ஹூஸ்டன் நகரத்து ஹிப்-ஹாப்பிலிருந்து வந்தது என்றும், இருமல் மருந்துப் போதைக்காகவே அங்கே இசை மெதுவாக்கப்பட்டது என்றும் நண்பர் சொல்கிறார். உண்மையா?

கே.

அன்புள்ள கே.,

ஹூஸ்டனிலிருந்து வந்தது என்பது சரி. போதையே காரணம் என்பதை நான் ஏற்கவில்லை. அது ஓர் அரிய கைத்திறனை மறைத்துவிடுகிறது.

டாரில் ஸ்காட் போன்ற உள்ளூர் டிஜேக்கள் முன்பே இசைத்தட்டுகளை மெதுவாக ஓட்டியதுண்டு. அதைத் தனிக் கலையாக்கியவர், 1990-களின் தொடக்கத்தில் தென் ஹூஸ்டனில் தம் வீட்டிலேயே நாடாக்களைப் பதிவுசெய்த டிஜே ஸ்க்ரூ என்கிற ராபர்ட் ஏர்ல் டேவிஸ். ஒரே இசைத்தட்டின் இரு பிரதிகளை, ஒன்று மற்றதற்குச் சற்றுப் பின்தங்குமாறு ஓடவிட்டு, இரு ஒலிகளையும் கலக்கும் மிக்ஸர் கருவியின் நகர்விசையைச் சட்டென இடம்மாற்றி, ஒரு சொல்லையோ தாளத்தட்டையோ இரண்டு முறை ஒலிக்கச் செய்வார். இதுதான் 'வெட்டு'. பின்னர் அந்தக் கலவை முழுவதையும் வேகம் குறைத்து கேசட்டில் பதிவார். வேகத்தோடு சுருதியும் இறங்குவதால், பேட்டரி தீரும் டேப்ரெக்கார்டரில் கேட்பதுபோலக் குரல் தடித்துக் கனக்கும். ஆனால் தாளம் தளராது, வெட்டுகள் அதைத் தாங்கிப் பிடித்திருக்கும்.

நகல்களைச் சாம்பல் நிறக் கேசட்டுகளில் வீட்டிலேயே விற்றார். 1998-இல் கடை திறந்தார். பரந்து கிடக்கும் அந்நகரில் இவை பெரும்பாலும் கார்களில், கனத்த பாஸ் ஒலிபெருக்கிகள் அதிரக் கேட்கப்பட்டன. ஃபேட் பேட், லில் கீக்கி, பிக் மோ முதலிய தென்பகுதி இளைஞர்கள் அவர் வீட்டில் கூடி, தங்கள் தெருக்களையும் நண்பர்களையும் பெயர்சொல்லி உடனுக்குடன் ராப் கட்டினார்கள். 1996-இல் ஒரு நண்பரின் பிறந்தநாளுக்குப் பதிவான 'ஜூன் 27' என்ற ராப் அரைமணி நேரத்துக்கும் மேல் நீள்கிறது. 2020-இல் மினியாபொலிஸில் காவலர் முழங்காலுக்கடியில் உயிரிழந்த ஜார்ஜ் ஃப்ளாய்டின் குரலும், 'பிக் ஃப்ளாய்ட்' என்ற பெயரில், சில ஸ்க்ரூ நாடாக்களில் இருக்கிறது.

கோடீன் என்ற போதைதரும் பொருள் கலந்த இருமல் மருந்து அந்த வட்டத்தில் புழங்கியது உண்மைதான். 2000 நவம்பரில், 29 வயதில் ஸ்க்ரூ இறந்தபோது அவர் உடலிலும் கோடீனும் வேறு போதைப்பொருள்களும் இருந்தன. அந்த இழப்பு என்னை இன்றும் வருத்துகிறது. ஆயினும் மயக்கத்தில் இருக்கும் கை அத்தனை வெட்டுகளையும் தாளம் பிசகாமல் செய்திருக்காது என்றே நினைக்கிறேன்.

நீங்கள் குறிப்பிடும் யூடியூப் பதிவுகளில் மெதுவும் எதிரொலியும் மட்டுமே உள்ளன, வெட்டு இல்லை. 'ஜூன் 27'-ஐ நல்ல ஒலிபெருக்கியில், இடையில் நிறுத்தாமல், முழுதாகக் கேளுங்கள்.