தடைக்காலத்திலும் இரண்டு மணிக்கு விழித்துக்கொள்ளும் அம்மா

கேள்வி: நாங்கள் காசிமேடு. அம்மா இருபது வருஷமாக விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்து விற்கிறார். இப்போது மீன்பிடித் தடைக்காலம். ஆனாலும் ராத்திரி இரண்டு மணிக்கு டாண் என்று எழுந்துவிடுகிறார். சாயங்காலம் ஏழு மணிக்கே கண் சொக்குகிறது. பகலில் எங்கள்மேல் எரிந்து விழுகிறார். என்ன செய்யலாம்?

பதில்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். படகு நின்ற அன்றே மூளையின் கடிகாரமும் பழக்கத்தை விட்டுவிடாது.

கண்ணிலிருந்து வரும் இரண்டு நரம்புகளும் குறுக்கே கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, மூளையின் அடிப்பகுதியான ஹைப்போதலாமஸில், சுமார் 20,000 நியூரான்கள் (நரம்புச் செல்கள்) கொண்ட கொத்து ஒன்று இருக்கிறது. சுப்ராகயாஸ்மேட்டிக் நியூக்ளியஸ் என்பார்கள். தலைமைக் கடிகாரம் அதுதான். அதற்கு நேரம் சொல்வது முக்கியமாக வெளிச்சம். ஏலத்தில் பளீரென்று எரியும் விளக்குகள் வருஷக்கணக்கில் அம்மாவின் கடிகாரத்தை முன்னே இழுத்து வைத்திருக்கின்றன.

இந்தக் கடிகாரம் நேரடியாக யாரையும் தூங்கவைப்பதில்லை. மற்ற பகுதிகளுக்குத் தகவல்தான் அனுப்புகிறது. ஒரு தகவல் தண்டுவடத்தில் இறங்கி, கழுத்து நரம்பு முடிச்சு வழியாக மறுபடி மேலேறி, பினியல் சுரப்பிக்குப் போகிறது. தலைக்குள்ளேயே இருக்கும் சுரப்பிக்கு இவ்வளவு சுற்று! இருட்டியதும் அங்கே, ராத்திரி வந்துவிட்டது என்று உடம்புக்குச் சொல்லும் மெலடோனின் ஹார்மோன் சுரக்கும். இன்னொரு தகவல் தூங்கவைக்கும் செல்களுக்கும் விழிக்கவைக்கும் செல்களுக்கும் போகிறது. இவை ஒன்றையொன்று அடக்குபவை. ஒரு பக்கம் ஓங்கினால் மறுபக்கம் சட்டென்று அடங்கிவிடும்.

கோபத்துக்கு வருவோம். பயத்தையும் எரிச்சலையும் கிளப்பும் அமிக்டலாவை நெற்றிப்பக்க மூளை இழுத்துப் பிடிக்கிறது. தூக்கம் கெட்டவர்களை ஸ்கேன் செய்து பார்த்ததில் இந்த இரண்டுக்கும் நடுவிலான தொடர்பு தளர்ந்திருந்தது. வருமானம் நின்ற கவலை வேறு. அம்மாவின் குணமே மாறிவிட்டது என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

சாயங்கால வெளிச்சம்தான் இதற்கு நல்ல மருந்து. ஐந்து மணிக்குமேல் ஒரு மணி நேரம் கடற்கரைப் பக்கம் அழைத்துப்போங்கள். அது கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும்; தூக்கம் தாமதமாக வரும். படுக்கும் நேரத்தை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அரை மணி தள்ளிக்கொண்டே போங்கள். இரண்டு மணிக்கு முழிப்பு வந்தால் டியூப்லைட்டும் செல்போனும் வேண்டாம். மங்கலான மஞ்சள் விளக்கு போதும். பகல் தூக்கம் மூன்று மணிக்கு முன், இருபது நிமிஷம். மத்தியானத்துக்குப் பிறகு டீ வேண்டாம். தூக்க மாத்திரையைக் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள்.

இரண்டு வாரத்துக்குமேல் எதிலும் பிடிப்பில்லாமல் சோர்ந்திருந்தாலோ, குறட்டை நடுவே மூச்சு நின்று நின்று வந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கத்தில்தானே இருக்கிறது.

அப்புறம், ஜூன் முதல் வாரத்திலிருந்தே படுக்கும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே கொண்டுவாருங்கள். படகு கிளம்பியபின் ஒரே நாளில் மாற்றப் பார்த்தால் அம்மாதான் கஷ்டப்படுவார்.