ரத்து செய்த சந்தாவுக்குப் பணம் திரும்பவில்லை: கார்டு பேமென்ட்டை நிறுத்த முடியுமா?

கேள்வி: ஆன்லைன் பயிற்சி வகுப்பு ஒன்றுக்கு கிரெடிட் கார்டில் ஓராண்டுச் சந்தா கட்டினேன். பிடிக்காவிட்டால் 7 நாட்களுக்குள் ரத்து செய்யலாம், முழுப் பணமும் கிடைக்கும் என்று போட்டிருந்தார்கள். ஐந்தாம் நாளே ரத்து செய்துவிட்டேன். ‘உங்கள் ரத்து ஏற்கப்பட்டது, 10 வேலை நாட்களில் பணம் வந்துவிடும்’ என்று மெயிலும் வந்தது. ஆறு வாரமாகிறது, பணம் வந்தபாடில்லை. மெயில் போட்டால் தானியங்கிப் பதில்தான். வங்கியில் சொல்லி அந்த பேமென்ட்டை கேன்சல் செய்ய முடியுமா? ‘நான் இதைச் செய்யவே இல்லை என்று சொல்லிவிடு, உடனே பணம் வந்துவிடும்’ என்கிறாள் தோழி. அடுத்த வாரம் பில் கட்ட வேண்டும். அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு கட்டலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: தோழியின் யோசனையை முதலில் ஒதுக்கி வையுங்கள். உங்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது, ஆதாரமும் இருக்கிறது. அந்த ஒரு பொய் இரண்டையும் கெடுத்துவிடும்.

கேன்சல் என்று கேட்டீர்கள். கார்டு பேமென்ட்டில் அதற்கு இடம் மிகக் குறைவு. நீங்கள் ஒப்புதல் கொடுத்த நொடியிலேயே உங்கள் வங்கி அந்த நிறுவனத்துக்கு ‘சரி’ சொல்லிவிடுகிறது. ஆப்பில் ‘பெண்டிங்’ என்று காட்டும் ஓரிரு நாட்களில்கூட, அதை விடுவிக்க வேண்டியவர் பணம் கேட்டவர்தான். வங்கியைக் கூப்பிட்டால் ‘என்ட்ரி விழட்டும், பிறகு பார்க்கலாம்’ என்பார்கள். உங்கள் விஷயத்தில் அது எப்போதோ ஸ்டேட்மென்ட்டில் விழுந்துவிட்டது. இனி உள்ள வழி டிஸ்ப்யூட், அதாவது அந்த பேமென்ட்டை எதிர்த்து வங்கியில் கொடுக்கும் புகார். அது வெற்றி பெற்றால் பணம் திரும்புவதைத்தான் சார்ஜ்பேக் என்கிறார்கள்.

இது எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் எதை எழுத வேண்டும் என்பதும் புரிந்துவிடும். உங்கள் வங்கி, விசா அல்லது மாஸ்டர்கார்டு போன்ற நெட்வொர்க் வழியாக, அந்த நிறுவனத்தின் வங்கியிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கும். அந்த வங்கி நிறுவனத்தின் கணக்கில் கைவைக்கும், கூடவே ஒரு கட்டணமும் போடும். டிஸ்ப்யூட் அடிக்கடி வரும் நிறுவனங்களை நெட்வொர்க்குகள் தனியாகக் கண்காணிக்கின்றன. உங்கள் மெயிலுக்குத் தானியங்கிப் பதில் போட்டவர்களுக்கு இதன்பிறகு திடீரென்று ஆள் கிடைப்பது அதனால்தான்.

ஆனால் இதில் யாரும் உங்களையும் அவர்களையும் எதிரெதிரே உட்காரவைத்து விசாரிக்கப் போவதில்லை. எல்லாமே காகிதத்தில்தான். நீங்கள் எந்தக் காரணத்தைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ அதற்குரிய ஆதாரத்தை மட்டுமே பார்ப்பார்கள். விசாவின் விதிகளில் காரணங்கள் நான்கு வகை: மோசடி, ஒப்புதல் கோளாறு, செயலாக்கப் பிழை, வாடிக்கையாளர் புகார். உங்களுடையது நான்காவது வகை. அதற்குள்ளும் ‘பொருள் வரவில்லை’, ‘சொன்னபடி இல்லை’, ‘ரத்து செய்தேன்’, ‘தருவதாகச் சொன்ன ரீஃபண்ட் வரவில்லை’ என்று தனித்தனியாக இருக்கும். ரத்தை ஏற்றுக்கொண்டு பணம் தருவதாக அவர்களே எழுதிக் கொடுத்துவிட்டதால் கடைசியாகச் சொன்னதைத் தேர்ந்தெடுங்கள். ‘சொன்னபடி இல்லை’ என்று போட்டால் வகுப்பின் தரத்தைப் பற்றி வாதாட வேண்டிவரும். அது உங்களுக்குத் தேவையே இல்லாத சண்டை.

இப்போது தோழி சொன்ன ‘நான் செய்யவே இல்லை’ விஷயம். அது மோசடி வகை. அதைச் சொன்ன உடனே உங்கள் கார்டு முடக்கப்படும். ஓடிபி போட்டு நடந்த பரிவர்த்தனை என்றால் மோசடி என்ற பெயரில் நிறுவனத்திடம் பணம் கேட்க உங்கள் வங்கிக்கே பெரும்பாலும் உரிமை இருக்காது. அந்த நிறுவனமும் நீங்கள் லாகின் செய்த நேரம், ஐபி முகவரி, உங்கள் பெயரில் வந்த ரத்துக் கோரிக்கை எல்லாவற்றையும் எடுத்து வைக்கும். செய்யவே இல்லாத பேமென்ட்டை நீங்கள் ஏன் ரத்து செய்தீர்கள் என்ற கேள்விக்குப் பதில் கிடையாது. வங்கிக்குப் பொய்யான மோசடிப் புகார் கொடுப்பது உங்கள் மேலேயே நடவடிக்கை வரக்கூடிய விஷயம் என்பதையும் தோழியிடம் சொல்லுங்கள்.

கெடு முக்கியம். விசா, மாஸ்டர்கார்டு இரண்டிலும் பெரும்பாலான புகார்களுக்கு 120 நாள் என்பது பொதுவான வரம்பு. எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்பது புகாரின் வகையைப் பொறுத்து மாறும். உங்கள் வங்கி தன் வேலைக்காக இதைவிடக் குறைந்த நாள் வைத்திருக்கலாம். அதனால் 120 நாள் இருக்கிறதே என்று உட்கார்ந்துவிடாதீர்கள். அவர்கள் சொன்ன 10 வேலை நாளும் தாண்டி வாரக்கணக்கில் ஆகிவிட்டது. இதற்கு மேல் காத்திருக்கக் காரணம் இல்லை. இந்த வாரமே கொடுங்கள்.

கொடுப்பதற்கு முன் ஒரு மெயில் மட்டும் போடுங்கள்: ‘இந்தத் தேதிக்குள் பணம் வராவிட்டால் வங்கியில் டிஸ்ப்யூட் செய்வேன்.’ மூன்று நாள் அவகாசம் போதும். நிறுவனத்திடமே பேசித் தீர்க்க முயன்றீர்களா என்று வங்கி நிச்சயம் கேட்கும், இதுவே அதற்குப் பதில்.

அப்புறம் ஆதாரம். ரத்தை ஏற்றுக்கொண்ட மெயில்தான் உங்கள் துருப்புச் சீட்டு. அனுப்பியவர் முகவரி, தேதி, நேரம் எல்லாம் தெரிகிற மாதிரி முழு மெயிலையும் பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். நடுவில் வெட்டிய ஸ்க்ரீன்ஷாட் வேண்டாம். அவர்கள் தளத்தில் ரீஃபண்ட் விதி இருக்கும் பக்கத்தையும் இன்றே சேமித்துவிடுங்கள். நாளைக்கு அந்தப் பக்கம் அப்படியே இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை. முக்கியமாக, இனி அந்தக் கணக்கில் லாகின் செய்து வகுப்பைத் திறக்காதீர்கள். ‘ரத்து செய்த பிறகும் பயன்படுத்தினார்’ என்று சொல்ல அவர்களுக்கு ஒரு கிளிக் போதும்.

வங்கியின் படிவத்தில் விவரம் எழுதும் கட்டத்தில் கோபத்தைக் கொட்டாதீர்கள். ஒரு நாளில் பல புகார்களைப் படிக்கும் ஊழியர் அதைப் பார்க்கப் போகிறார். இப்படி எழுதினால் போதும்:

‘இன்ன தேதியில் இந்தச் சந்தாவுக்கு இவ்வளவு கட்டினேன். 7 நாட்களுக்குள் ரத்து செய்தால் முழுத் தொகையும் தருவது அவர்கள் விதி (இணைப்பு 1). ஐந்தாம் நாள் ரத்து செய்தேன். ரத்தை ஏற்று, 10 வேலை நாட்களில் பணம் தருவதாக எழுதினார்கள் (இணைப்பு 2). இன்றுவரை வரவில்லை. இத்தனை முறை கேட்டேன் (இணைப்பு 3). முழுத் தொகையையும் திரும்பப் பெற்றுத் தரவும்.’

ஸ்டேட்மென்ட்டில் நிறுவனத்தின் பெயர் நீங்கள் அறிந்த பெயராக இல்லாமல் தாய் நிறுவனத்தின் பெயராகவோ பணம் வசூலிக்கும் இடைத்தரகர் பெயராகவோ இருக்கலாம். எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள்.

சரி, பில். அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு கட்டும் முடிவை நீங்களாக எடுக்காதீர்கள். அமெரிக்காவில் 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஸ்டேட்மென்ட் வந்த 60 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவித்தால், சட்டம் பில் பிழையாக ஏற்கும் தொகையை விசாரணை முடியும்வரை நிறுத்தி வைக்கலாம். எல்லா நாட்டிலும் அப்படி இல்லை. டிஸ்ப்யூட் பதிவானதும் ‘இந்தத் தொகையை நிறுத்தி வைத்திருக்கிறீர்களா, வட்டி ஓடுமா?’ என்று வங்கியிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாங்க முடியாவிட்டால், கையில் பணம் இருந்தால், முழு பில்லையும் கட்டிவிடுங்கள். கட்டிவிட்டதால் உங்கள் டிஸ்ப்யூட் பலவீனமாகாது. ஜெயித்தால் அந்தத் தொகை கார்டில் வரவாகிவிடும். குறைத்துக் கட்டினால் பல கார்டுகளில் வட்டியில்லாக் காலமே போய்விடும், பில்லில் உள்ள மற்ற செலவுகளுக்கும் வட்டி விழும். மினிமம் டியூவும் தவறினால் தாமதக் கட்டணம், கிரெடிட் ஸ்கோர் பாதிப்பு என்று தொடரும். வரவேண்டிய பணத்துக்காக வீண் வட்டி கட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

சில வங்கிகள் டிஸ்ப்யூட் போட்டதும் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்கும். பார்த்ததும் ஜெயித்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். நிறுவனம் பதில் ஆதாரம் கொடுத்து அது ஏற்கப்பட்டால் அந்த வரவு திரும்ப எடுக்கப்படும். அந்தப் பதிலை வங்கி உங்களுக்கு அனுப்பி, சில நாட்களுக்குள் மறுப்புக் கேட்கும். ஸ்பாம் ஃபோல்டரையும் பார்த்துக்கொண்டே இருங்கள், பல பேர் கோட்டைவிடுவது இங்கேதான்.

சந்தா என்பதால் இன்னொன்று. கார்டை மாற்றிவிட்டால் அடுத்த வருடம் பணம் எடுக்க மாட்டார்கள் என்று நம்பாதீர்கள். விசா, மாஸ்டர்கார்டு இரண்டிலும் புது கார்டு எண்ணைப் பழைய சந்தா நிறுவனங்களுக்குத் தானாகவே தெரிவிக்கும் வசதி உண்டு. அவர்கள் தளத்தில் சேமித்த கார்டை நீக்குங்கள். இந்த நிறுவனத்தின் தொடர் பேமென்ட் அனுமதியை ரத்து செய்யும்படி வங்கியிடமும் தனியாகச் சொல்லுங்கள்.

டிஸ்ப்யூட் போட்ட சில நாட்களில் அவர்கள் கூப்பிட்டு, ‘முதலில் டிஸ்ப்யூட்டை வாபஸ் வாங்குங்கள், உடனே அனுப்புகிறோம்’ என்று குழைவார்கள். வாங்காதீர்கள். வாபஸ் வாங்கியதை மறுபடி திறப்பது பெரும்பாலும் நடக்காது. ‘ரீஃபண்ட் அனுப்பியதற்கான குறிப்பு எண்ணை அனுப்புங்கள், வங்கியிடம் நானே தெரிவிக்கிறேன்’ என்று சொல்லுங்கள். பணம் ஸ்டேட்மென்ட்டில் விழுந்த பிறகு வங்கிக்குத் தகவல் சொல்லி டிஸ்ப்யூட்டை முடித்துவிடுங்கள். சொல்லாமல் விட்டால் ஒரே தொகை இரண்டு முறை வரவாகும். ஒன்றைப் பிறகு திரும்ப எடுத்துக்கொள்வார்கள்.