ஓம் எப்படி வாட் ஆனது?

கேள்வி: வேர்டில் அடித்த வினாத்தாளை அச்சகத்தில் கொடுத்தேன். '10 கிலோ ஓம்' என்று குறியிட்டிருந்த இடம் '10 கிலோவாட்' ஆகி வந்தது. மாணவர்கள் சிரிக்கிறார்கள். தவறு யாருடையது?
- இயற்பியல் ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: ஓமின் குறியான ஒமேகாவை (Ω) சிம்பல் எழுத்துருவில் அடித்தீர்களா? அப்படியானால் அதுதான் குற்றவாளி. அதில் நீங்கள் அழுத்துவது ஆங்கில டபிள்யூ, அதாவது வாட்டின் குறி. ஒமேகா வெறும் வேஷம். அச்சகத்தில் மொத்தமாக வேறு எழுத்துருவுக்கு மாற்றியிருப்பார்கள், வேஷம் கலைந்துவிட்டது. பாமினியில் அடித்த கடிதம் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கிலக் குப்பையாகத் தெரியுமே, அதே கதை. டிடிபி காலத்தில் நானும் மாட்டியிருக்கிறேன். மருந்துக் கையேடு ஒன்றில் மைக்ரோவைக் குறிக்கும் 'மியூ' (µ), மில்லியைக் குறிக்கும் எம் ஆகி, 5 மைக்ரோகிராம் 5 மில்லிகிராம் ஆனது. ஆயிரம் மடங்கு! பிழைதிருத்துபவர் கண்ணில் பட்டதால் தப்பித்தேன்.

இனி யூனிகோடு குறியையே போடுங்கள். வேர்டில் 2126 அடித்து, ஆல்ட்டுடன் எக்ஸை அழுத்தினால் ஓம் வரும். எண்ணை ஒட்டி அடிக்காதீர்கள், முன்னால் இருக்கும் 10-ஐயும் சேர்த்து விழுங்கிவிடும். மைக்ரோவுக்கு ஆல்ட்டைப் பிடித்தபடி வலப்பக்க எண் விசைகளில் 0181. அப்புறம், அச்சகத்துக்கு வேர்டு கோப்பு வேண்டாம். எழுத்துரு பதித்த பிடிஎஃப் கொடுங்கள்.