ஆளுக்குப் பத்தடி சுவரா? குழுக் கண்காட்சிக்கு முன் பேசி முடிக்க வேண்டியவை

வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: "கடற்கரையோரம் உள்ள ஒரு சமூகக் கலைக்கூடத்தில் எட்டுப் பேர் தங்கி வேலை செய்கிறோம். இரண்டு மாதத்தில் எங்கள் குழுக் கண்காட்சி. ஹாலில் ஜன்னல், கதவு போக எண்பது அடி சுவர் தேறும். ஆளுக்குப் பத்தடி என்று பிரித்துவிட்டால் சண்டை வராது என்கிறார்கள் சிலர். ஆனால் ஒருவரின் ஓவியம் மட்டுமே ஏழடி அகலம். இன்னொருவர் உள்ளங்கை அளவு அச்சோவியங்கள் பதினெட்டு வைத்திருக்கிறார். சிற்பிக்குச் சுவரே வேண்டாம். எப்படி மாட்டுவது? விற்றால் பணத்தை எப்படிப் பிரிப்பது?"

முதலில் அந்தப் பத்தடிக் கணக்கை விட்டுவிடுங்கள். அப்படிப் பிரித்த ஹாலில் எட்டு சின்னச் சின்னக் கடைகள் வரிசையாக இருப்பதுபோலத்தான் இருக்கும். பல மாதம் ஒரே கூரையின் கீழ் இருந்திருக்கிறீர்கள். ஒருவர் பார்த்த நிறம் இன்னொருவர் கேன்வாஸில் ஏறியிருக்கும். ஒரே கடலை நான்கு பேர் நான்கு விதமாகத் தீட்டியிருப்பீர்கள். அது தெரிய வேண்டுமென்றால் படங்கள் கலந்து நிற்க வேண்டும். அடிக்கணக்கில் சமம் பார்க்காதீர்கள், முடிவெடுப்பதில் எல்லோருக்கும் சம உரிமை இருந்தால் போதும்.

நான் வழக்கமாகச் சொல்லும் முறை இதுதான். மாட்டுவதற்கு இரண்டு பேரை எல்லோருமாகத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொருவரும் தேவைக்கு ஒன்றரை மடங்கு படைப்புகளை அவர்களிடம் கொடுத்துவிட வேண்டும். எதை எடுப்பது, எங்கே வைப்பது என்பது அவர்கள் பொறுப்பு. அந்த இருவரின் படங்களுக்கு மட்டும் மற்ற ஆறு பேரும் இடம் சொல்லட்டும். எண்பது அடி சுவரில் படங்களின் மொத்த அகலம் நாற்பது, நாற்பத்தைந்து அடியைத் தாண்ட வேண்டாம். மீதிச் சுவர் வெறுமனே கிடக்கிறதே என்று தோன்றும். ஆனால் அந்த வெற்றிடம்தான் ஒரு படத்தைப் பார்த்து முடித்த கண்ணுக்கு அடுத்ததற்குப் போக அவகாசம் தருகிறது.

ஒரு ஆணிகூட அடிப்பதற்கு முன், எல்லாவற்றையும் சுவரடியில் துணி விரித்துச் சாய்த்து வையுங்கள். ஒரு முழு நாள் அப்படியே கிடக்கட்டும். காலை வெயிலில் ஒரு முறை, விளக்கு போட்டு ஒரு முறை சுற்றி வாருங்கள். அந்த ஏழடி ஓவியம் வாசலுக்கு நேரெதிர்ச் சுவருக்குப் போகட்டும், தூரத்திலிருந்தே ஆளை உள்ளே இழுக்கும். பதினெட்டு அச்சோவியங்களை அதன் பக்கத்தில் வைத்தால் காணாமலே போய்விடும். ஆள் நெருங்கி நின்று பார்க்கக்கூடிய ஒரு மூலையில், மூன்று வரிசையில் ஆறு ஆறாக, இரண்டு அங்குல இடைவெளியில் மாட்டினால் தூரத்திலிருந்து அவை ஒரே படைப்பாக நிற்கும், பக்கத்தில் போனால் பதினெட்டாகப் பிரியும்.

அப்புறம் உயரம். இதில்தான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள், மேல் விளிம்பை வைத்து வரிசை பிடிக்கிறார்கள். பிடிக்க வேண்டியது படத்தின் நடுக்கோட்டை. தரையிலிருந்து 57 அங்குலம் பொதுவாகச் சரியாக வரும். கணக்கு சுலபம். படத்தின் உயரம் 30 அங்குலம் என்றால் அதில் பாதி 15. 57-உடன் கூட்டினால் 72. பின்னால் உள்ள கம்பியை இழுத்துப் பிடித்தால் மேல் விளிம்பிலிருந்து 3 அங்குலம் கீழே நிற்கிறது என்று வையுங்கள். அதைக் கழித்தால் 69 அங்குலத்தில் ஆணி. அகலமான படத்துக்கு இரண்டு ஆணி அடியுங்கள், ஒரே ஆணியில் தொங்கினால் ஒவ்வொரு நாளும் சாயும். கொத்தனாரிடம் ரசமட்டம் ஒன்று கடன் வாங்கிக்கொள்ளுங்கள். சமூகக் கூடம் என்பதால் தெருப் பிள்ளைகளும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் வருவார்கள், வர வேண்டும். அச்சோவியங்களை இன்னும் ஓரிரு அங்குலம் இறக்கினால் தவறில்லை.

கடற்கரையோரம் என்று எழுதியிருக்கிறீர்கள். உப்புக்காற்றில் சாதாரணக் கம்பி துருப்பிடிக்கும், எவர்சில்வர் கம்பி வாங்குங்கள். ஃபிரேமின் கீழ் மூலைகளில் பின்பக்கம் சிறு தக்கைத் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடும், ஈரம் ஏறிப் பூஞ்சை பிடிப்பது குறையும். தாளில் செய்தவை எதுவும் நேர் வெயில் படும் சுவருக்குப் போக வேண்டாம். எண்ணெய் வண்ணத்தில் வேலை செய்பவர்கள் மூன்று வாரம் முன்னாலேயே தூரிகையைக் கீழே வைத்துவிட வேண்டும். தடிப்பாகப் பூசியிருந்தால் அதற்கும் முன்னால். மேல்தோல் காய்ந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். குமிழ் பிளாஸ்டிக்கை நேராகச் சுற்றிய ஓவியம் ஒன்றைப் பிரித்தபோது வானம் முழுக்க வட்ட வட்டமாகத் தடம் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதைத் தீட்டிய பெண்ணின் முகம் இன்னும் மறக்கவில்லை.

பெயர்ச்சீட்டு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெயர், தலைப்பு, ஆண்டு, எதில் செய்தது, அளவு, அவ்வளவுதான். தமிழில் முதலில் எழுதுங்கள். கண்ணாடி தேடாமல் படிக்கும் அளவுக்கு எழுத்து பெரிதாக இருக்கட்டும்.

சரி, பணம். உங்களைப் போலவே சேர்ந்து வாழ்ந்த ஓவியர்கள் நம் ஊரிலேயே இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவர் மாணவர்களும் 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார்கள். ஓவியம் மட்டும் விற்றுச் சாப்பிட முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருட்களைச் செய்து விற்றார்கள். அந்த வருமானம்தான் நிலம் வாங்கவும் கிராமம் நிற்கவும் உதவியது. வயிற்றுக்குக் கைவினை இருந்ததால் ஓவியத்தை வாங்குபவர் ரசனைக்கு வளைக்க வேண்டிய நெருக்கடி குறைந்தது. எனக்கு அதில் மிகவும் பிடித்தது அதுதான்.

நீங்களும் அப்படிச் செய்யலாம். படம் விற்ற பணம் செய்தவருக்கே. விளக்கு, அச்சு, தேநீர்ச் செலவில் ஆளுக்கு எட்டில் ஒரு பங்கு. வாசலருகே ஒரு மேசை போட்டு, எல்லோரும் சேர்ந்து செய்த அஞ்சலட்டைகள், சிறு அச்சுகள், துணிப்பைகள் வையுங்கள். அந்தப் பணம் பொதுப் பெட்டிக்குப் போகட்டும். கூடத்துக்கு எத்தனை சதவீதம் என்பதை இன்றே பேசி, ஒரு பக்கத்தில் எழுதி, எட்டுப் பேரும் நிர்வாகியும் கையெழுத்துப் போடுங்கள். நட்பு இருக்கிறதே, எழுத்து எதற்கு என்று யாராவது சொல்வார்கள். நட்பு கெடாமல் இருக்கத்தான் எழுதச் சொல்கிறேன். விற்காத படத்தை எந்தத் தேதிக்குள் எடுப்பது, சேதமானால் யார் பொறுப்பு என்பதும் அதில் இருக்க வேண்டும். படத்தை விற்றாலும் அதன் பதிப்புரிமை உங்களிடமே இருக்கும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதிக் கொடுத்தால்தான் அது கைமாறும். ரசீதில் இதை ஒரு வரி சேருங்கள்.

கடைசியாக உங்கள் சிற்பி. சுவர் வேண்டாம் என்பதால் அவரைக் கடைசியில் கேட்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள், முதலில் கேளுங்கள். சிற்பத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் மூன்றடியாவது நடக்க இடம் வேண்டும், அதன் பின்னால் தெரியும் ஓவியம் அதற்குப் பின்புலமாகிவிடும். அவரிடம் பீடத்தின் அளவை வாங்கி, ஹால் தரையில் சாக்பீஸால் வரைந்து வைத்துவிட்டு, அப்புறம் சுவர் பக்கம் திரும்புங்கள்.