ஊஞ்சலை எங்கே பிடித்து அளப்பது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். கணக்குப் புத்தகத்தில், பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்தால் வருவது வீச்சு என்று இருக்கிறது. அறிவியலில் ஒலிப் பாடத்தில், நடுவிலிருந்து ஒரு பக்கம் விலகும் தூரம்தான் வீச்சு என்று படித்தாளாம். 'எதும்மா சரி?' என்று கேட்கிறாள். எனக்குத் தெரிந்த வீச்சு தெருமுனைக் கடை பரோட்டா மட்டும்தான்.
– ஒரு தாய், உடுமலைப்பேட்டை

பதில்: மூன்றுமே சரிதான் அம்மா. முப்பது வருடம் இயற்பியல் வாத்தியாராக இருந்தவன் சொல்கிறேன், பரோட்டாவையும் சேர்த்தே சொல்கிறேன்.

வீட்டில் ஊஞ்சல் இருந்தால் ஒரு டேப் எடுத்துக்கொண்டு மகளைக் கூப்பிடுங்கள். ஊஞ்சல் சும்மா தொங்கும் இடத்துக்கு நேர் கீழே தரையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு. அங்கிருந்து முன்பக்கம் 60 செ.மீ. தள்ளி ஒரு கோடு, பின்பக்கம் 60 செ.மீ. தள்ளி ஒரு கோடு. இந்த இரண்டு கோடுகளுக்கும் இடையில் ஊஞ்சல் ஆடட்டும். கணக்கு வாத்தியார் முன்கோட்டிலிருந்து பின்கோடு வரை டேப்பைப் பிடித்து 120 என்பார். நான் நடுக்கோட்டில் ஒரு முனையை வைத்துக்கொண்டு 60 என்பேன். ஊஞ்சல் ஒன்றுதான், டேப்பின் ஒரு நுனியை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் சண்டை. நான் மாணவனாக இருந்தபோது, அலையின் உச்சியிலிருந்து பள்ளம் வரை அம்புக்குறி போட்டு 'வீச்சு' என்று எழுதி இரண்டு மதிப்பெண் இழந்தேன். அந்தச் சிவப்பு மைக் கோடு இன்னும் கண்ணில் நிற்கிறது.

அறிவியலுக்கு ஏன் நடுக்கோடு முக்கியம் என்று மகள் கேட்பாள். கேட்க வேண்டும். கயிறு 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பலகை கிடையாக 60 செ.மீ. விலகும்போது சுமார் 6 செ.மீ. மேலே ஏறுகிறது. விலகலை 120 ஆக்கினால் ஏறுவது 12 இல்லை, சுமார் 25 செ.மீ.! வீச்சு இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகிறது. அதனால்தான் கொஞ்சம் வேகமாகத் தள்ளிவிட்டாலே குழந்தை வீலென்று கத்துகிறது. இந்தக் கணக்கு நடுவிலிருந்து அளந்தால் நேராக வரும். இன்னொரு வேடிக்கை: சின்ன ஆட்டமோ பெரிய ஆட்டமோ, ஒருமுறை போய்வர ஏறத்தாழ மூன்றரை விநாடிதான். கைப்பேசியில் நேரம் வைத்துப் பாருங்கள்.

அறிவியலுக்குள்ளேயே எல்லோரும் ஒரே கட்சி என்று நினைத்துவிட வேண்டாம். மீரா என்று ஒரு விண்மீன், ஏறத்தாழ 11 மாதத்துக்கு ஒருமுறை மங்கிப் பிரகாசிக்கும். அதன் வீச்சைச் சொல்லும்போது வானியல்காரர்கள் பெரும்பாலும் உச்சத்திலிருந்து அடிவரை முழுசாக அளப்பார்கள், கணக்கு வாத்தியார் மாதிரியே. பன்னிரண்டாம் வகுப்பில் கலப்பெண்கள் வரும்போது, அங்கே வீச்சு என்பது தூரமே இல்லை, ஒரு கோணம். அதற்கு முன்னால், இப்போதைய கணக்குப் புத்தகத்திலேயே முதல் பாடத்தில் 'வீச்சகம்' என்று ஒன்று நிற்கும். அது சார்பு தரும் மதிப்புகளின் கூட்டம், வேறு ஆசாமி.

ஆங்கிலத்தில் இதற்குச் சொல்லும் 'ஆம்ப்ளிட்யூட்', விசாலம் என்ற பொருள் உள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கோயில் கொடைக்கு மைக் செட்காரர் கொண்டுவரும் ஆம்ப்ளிஃபயரும் அதே குடும்பம்தான். தமிழில் இடத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்திருக்கிறார்கள். வலையை வீசுகிறோம், அரிவாளை வீசுகிறோம், பரோட்டா மாஸ்டர் மாவை வீசுகிறார். வீசினால் எட்டும் அளவு வீச்சு. எனக்கு லத்தீனைவிட இதுதான் பிடித்திருக்கிறது.

கேள்வி: நான் வவுனியாவில் படித்துவிட்டு இப்போது திருச்சிக் கல்லூரியில் சேர்ந்திருக்கிறேன். வகுப்பில் 'அலையின் வீச்சம்' என்றதும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நாங்கள் படித்த புத்தகத்தில் அப்படித்தானே, ஐயா?
– ஒரு மாணவர், திருச்சி

பதில்: ஆமாம் தம்பி, இலங்கைப் பாடநூல்களில் வீச்சம்தான். இங்கே வீச்சம் என்றால் மீன் கழுவிய தண்ணீர் நினைவுக்கு வரும், சிரிப்புக்குக் காரணம் அதுதான். நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டாம். விநாடிக்கு எத்தனை அதிர்வு என்று சொல்லும் எங்கள் 'அதிர்வெண்'ணுக்கு நீங்கள் சொல்லும் 'மீடிறன்' என்ன அழகான சொல்! மீள் + திறன், மறுபடி மறுபடி வரும் திறன். நாள் + தோறும் நாடோறும் ஆகிறதே, அதே புணர்ச்சி. சிரித்தவர்களிடம் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். தேர்வில் மட்டும் இங்குள்ள சொல்லை எழுதிவிடுங்கள்.

கேள்வி: 2004 சுனாமி அன்று ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு அலை போனதே தெரியவில்லை என்கிறார்களே, எப்படி?
– ஒரு வாசகர், நாகப்பட்டினம்

பதில்: வீச்சு அங்கே அவ்வளவு சின்னது. அன்று இந்தியப் பெருங்கடலுக்கு மேலே போன செயற்கைக்கோள், நடுக்கடலில் அலையின் உயரத்தைச் சுமார் 60 செ.மீ. என்றுதான் அளந்தது. ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே நூற்றுக்கணக்கான கி.மீ. இருப்பதால் படகு பல நிமிடங்களில் மெதுவாக ஏறி இறங்கும், ஆளுக்குத் தெரியாது. ஆழத்தில் விமானம் போலப் பாயும் அலை, கரைக்கு அருகே ஆழம் குறையக் குறைய வேகம் இழக்கிறது. பின்னால் வரும் தண்ணீர் நெருக்குகிறது. சுமந்து வந்த ஆற்றலுக்குப் போக்கிடம் மேலேதான், வீச்சு மீட்டர் கணக்கில் எழும்புகிறது. படகுக்குக் கீழே அசைந்தது வெறும் மேற்பரப்புத் தண்ணீர் அல்ல, அடிவரை உள்ள மொத்தக் கடலும்.

கேள்வி: மின்னல் வெட்டினால் என் பழைய ரேடியோவில் மத்திய அலை மட்டும் கரகரக்கிறது, பண்பலை சுத்தமாக இருக்கிறது. ரிப்பேரா?
– ஒரு வாசகர், தென்காசி

பதில்: இல்லை. மத்திய அலையில் பாட்டு, அலையின் வீச்சில் ஏறி வருகிறது. மின்னலும் ஒரு ரேடியோ அலையை வீசுகிறது, அது வந்து அதே வீச்சில் ஒட்டிக்கொள்கிறது. எது பாட்டு, எது மின்னல் என்று பெட்டிக்குத் தெரியாது. பண்பலையில் பாட்டு அதிர்வெண்ணில் வருகிறது. வீச்சில் என்ன அழுக்கு ஒட்டினாலும் பெட்டி சீவி எறிந்துவிடும். ரேடியோவைக் கழற்றிக் கடையில் கொடுத்துவிடாதீர்கள், மழை விடட்டும்.