விசிட் விசாவில் டுபாய் வந்து வேலை தேடுவது பற்றி

களுவாஞ்சிகுடியிலிருந்து கேட்டிருந்த தம்பிக்கு,

ஏ.சி. திருத்தும் பயிற்சியில் தேசியத் தொழில் தகைமை நான்காம் நிலைச் சான்றிதழ் கையில் இருப்பதாகவும், 60 நாள் விசிட் விசாவில் டுபாய்க்கு வந்து வேலை தேட நினைப்பதாகவும், அந்த நாட்களை எங்கே தங்கி எப்படிச் சமாளிப்பது என்றும் எழுதியிருந்தீர்கள். அந்த 60 நாளையும் முழுதாகக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்பதுதான் நான் முதலில் சொல்ல வேண்டியது. சனி, ஞாயிறு பல அலுவலகங்கள் பூட்டிக் கிடக்கும். வெள்ளி நண்பகலோடு கதை முடிந்துவிடும். வேலை சரிவந்த பிறகும் கம்பனி உங்களுக்கான வேலை அனுமதியை எடுத்து முடிக்கும்வரை விசாவில் நாள் மிச்சம் இருக்க வேண்டும். ஆகவே முதல் மூன்று வாரத்துக்குள் ஏறி இறங்க வேண்டிய படிகளையெல்லாம் ஏறி இறங்கிவிடுங்கள்.

ஷார்ஜாவில் வாடகை குறைவு என்று அங்கே தங்கச் சொல்லும் ஊர்க்காரர்கள் பலர் இருப்பார்கள். வேலை உள்ளவனுக்கு அது சரி. தேடுபவனுக்கு, காலையில் ஷார்ஜாவிலிருந்து டுபாய்க்கு வரும் வீதியின் நெரிசலில் போகும் நேரம் வாடகையில் மிஞ்சும் காசைவிடப் பெரிய நட்டம். தேரா, அல் ரிக்கா, கராமா போன்ற இடங்களில் மெட்ரோவுக்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு பெட் ஸ்பேஸ் பாருங்கள். பெட் ஸ்பேஸ் என்றால் அறை கிடைக்காது, கட்டில் மட்டுந்தான். அதுவும் பெரும்பாலும் இரட்டைத் தட்டுக் கட்டிலின் மேல்தட்டு. முற்பணம் கொடுக்குமுன் நேரில் போய், எத்தனை பேருக்கு ஒரு குளியலறை, சமைக்க விடுவார்களா, நேர்முகத்துக்குப் போடும் சேட்டைக் கசங்காமல் கொழுவ இடம் உண்டா என்று பாருங்கள். பலகை அடித்துப் பிரித்த அறைகளை மாநகரசபை அனுமதிப்பதில்லை. பரிசோதனை வந்தால் பெட்டியோடு வெளியே நிற்பது நீங்கள்தான்.

போக்குவரத்துக்கு 25 திர்ஹத்துக்கு வெள்ளி நிற நோல் அட்டை, அதாவது மெட்ரோவிலும் பஸ்ஸிலும் கட்டணம் செலுத்தும் அட்டை, எடுங்கள். அதில் 19 திர்ஹம் பயணக்காசாகவே இருக்கும். வலயத்தைப் பொறுத்து ஒரு பயணம் 3, 5 அல்லது 7.50 திர்ஹம். பசிக்கிறதென்று மெட்ரோவுக்குள் மாலுபணிஸைப் பிரித்தால் 100 திர்ஹம் தண்டம். தேராவுக்கும் பர் டுபாய்க்கும் இடையில் ஒரு திர்ஹம் கொடுத்து அப்ரா படகில் கடக்கலாம். குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் பாதையில், அதாவது ஆற்றைக் கடக்கும் மிதவையில், போய்ப் பழகிய நமக்கு அது அந்நியமாக இராது.

உங்கள் தொழிலுக்கு இணையத்தில் விண்ணப்பிப்பதோடு நின்றுவிடாமல், அல் கூஸ் கைத்தொழிற் பகுதிக்கு நேரில் போய்ப் பராமரிப்புக் கம்பனிகளில் சீ.வீ. கொடுப்பது பலன் தரும் என்பது என் எண்ணம். கோடை தொடங்குமுன், அதாவது மார்ச், ஏப்ரலில், ஏ.சி. தெரிந்தவனைத் தேடுவார்கள். ஊரில் நீங்கள் கை வைத்தது பெரும்பாலும் ஸ்பிளிட் மெஷினாகத்தான் இருக்கும். இங்கே பெரிய கட்டடங்களில் சில்லர் என்ற பெரிய குளிரூட்டும் இயந்திரத்திலிருந்து வரும் குளிர்நீரில் ஓடும் எஃப்.சி.யு. (ஃபேன் கொயில் யூனிட்) என்ற அறைக்குள் காற்றை ஊதும் பெட்டிதான் அதிகம். அதன் வால்வு, ஃபில்டர், தண்ணீர் வடியும் குழாய் ஆகியவற்றைப் பற்றி வருமுன்னரே படித்துக்கொள்ளுங்கள். நேர்முகத்தில் செம்புக் குழாயை ஒட்டிக் காட்டச் சொல்லலாம். கேஸ் ஏற்றுமுன் ஏன் வெக்கியூம் எடுக்க (குழாய்க்குள் உள்ள காற்றை உறிஞ்சி வெளியேற்ற) வேண்டும் என்றும் கேட்கலாம்.

‘இரண்டு நாள் வந்து வேலை செய்து காட்டு, பிறகு விசா தருகிறோம்’ என்று ஒருவர் சொன்னால், எவ்வளவு அன்பாகச் சொன்னாலும் போகாதீர்கள். விசிட் விசாவில் வேலை செய்வது குற்றம். 2024இல் திருத்திய சட்டப்படி, அனுமதியில்லாமல் ஆள் வைத்திருக்கும் முதலாளிக்கு ஒரு இலட்சம் முதல் பத்து இலட்சம் திர்ஹம்வரை தண்டம் உண்டு. அவர் அதைக் கட்டிவிட்டு வியாபாரத்தைப் பார்ப்பார், நீங்களோ நாடு திரும்ப வேண்டிவரலாம். அதேபோல ஆட்சேர்ப்புச் செலவைத் தொழிலாளியிடம் வாங்கக் கூடாதென்று 2021ஆம் ஆண்டின் தொழிற்சட்டம் சொல்கிறது. ‘விசாக் காசு’ கேட்பவரிடம் பேச்சை அத்துடன் நிறுத்திக்கொள்ளுங்கள். இங்குள்ள மனிதவள அமைச்சின் ஒஃபர் லெட்டரை, அதாவது வேலை தருவதாகச் சொல்லும் கடிதத்தை, தமிழிலும் பெறலாம். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு என்பதை அதில் தனித்தனியே பார்த்து, ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொண்டே ஒப்பமிடுங்கள்.

விசா முடிந்தும் தங்கினால் நாளுக்கு 50 திர்ஹம் ஏறிக்கொண்டே போகும். ஆகையால் திரும்பும் டிக்கெட்டுக்கான காசை வரும் நாளிலேயே ஒதுக்கி வையுங்கள். வாடகைக்குக் குறைந்தாலும் அதில் கை வைக்க வேண்டாம். உங்கள் சான்றிதழுக்குக் கொழும்பில் வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்தல் வாங்கியாகிவிட்டதா என்று எழுதவில்லையே. அதை முடிக்காமல் டிக்கெட் போடாதீர்கள்.